பருப்பு வேகாத தண்ணீர்

பாலக்காடு மாவட்டத்தில் வண்டித்தாவளத்தைத் தாண்டி கன்னிமாரிப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது அந்த வீடு. அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எனக்கு அக்கா முறை. முழங்கால் வலியோடு தரையில் குந்திப் பாத்திரம் தேய்க்க வேண்டாமென்று, கோவையில் வேலை பார்க்கும் மகன் ஒரு டிஷ்வாஷர் வாங்கிப் பொருத்திவிட்டுப் போயிருந்தான். நாலாம் மாதமே அது நின்றுவிட்டது.

"ஏனங் கழுவற மிஷினு கண்ணைக் கண்ணைச் சிமிட்டுது தம்பி. அமுக்காத பட்டன் ஒண்ணு பாக்கியில்லை. உள்ள தண்ணி அப்படியே நிக்குது. நாத்தம் வேற" என்றார் போனில்.

போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் புளித்த சாம்பார் வாடை. அடியில் விரற்கடை அளவு தண்ணீர். முகப்பில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எவர்சில்வர் தம்ளர்களின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படலம். அந்தப் படலத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். எல்லோரையும்போல நானும் முதலில் ரீசெட் பொத்தானைத்தான் தேடினேன்.

ரீசெட் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அது எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பதும் விளங்கிவிடும். டிஷ்வாஷரின் கதவுக்குள் அல்லது அடித்தட்டில் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கிறது. அதிலுள்ள சிறு கணிப்பொறிக்கு உலகம் முழுவதும் ஒரு வரிசைதான். பழைய தண்ணீரை வெளியேற்று, புதுத் தண்ணீர் பிடி, சுழற்று, சூடாக்கு, சோப்பைத் திற, கழுவு, வெளியேற்று, அலசு, உலர்த்து. ஒவ்வொரு படியும் முடிந்ததற்கு அதற்கு ஒரு சாட்சி வேண்டும். தண்ணீர் வந்தது என்று நீரோட்ட உணரி சொல்ல வேண்டும். சூடு ஏறியது என்று வெப்ப உணரி சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் சாட்சி வரவில்லையென்றால் கணிப்பொறி அடுத்த படிக்குப் போகாது. வேலையை அங்கேயே நிறுத்தி, விளக்கைச் சிமிட்டி ஆளைக் கூப்பிடும். பிழைக் குறியீடு என்று நாம் பார்ப்பது இந்த வராத சாட்சியின் பெயரைத்தான்.

நடுவில் கரண்ட் போனாலும் எந்தப் படியில் நின்றோம் என்பதை அது மறப்பதில்லை. அழியாத நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் சில சமயம் இந்த நினைவு குழம்பிவிடும். பாதி எழுதிய வரியோடு கரண்ட் போய், வந்ததும் கணிப்பொறி எந்தப் படியிலும் சேராமல் விழிக்கும். அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் ரீசெட். பெரும்பாலான இயந்திரங்களில் கதவை மூடி, ரீசெட் என்று குறித்த பொத்தானையோ ஸ்டார்ட் பொத்தானையோ மூன்று முதல் ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீரைச் சுமார் ஒரு நிமிடம் வெளியேற்றிவிட்டு அது முதல் படிக்குத் திரும்பும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். சுவிட்சை அணைத்த கையோடு போட்டால் பலனில்லை. பலகையிலுள்ள மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிய அவகாசம் தேவை. சாவிப் படம் போட்ட விளக்கு எரிந்தால் அது குழந்தைப் பூட்டு, பழுதில்லை. இதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆக, ரீசெட் இயந்திரத்தின் நினைவைத் துடைக்கிறது. குழாயில் வரும் தண்ணீரைப் பற்றியோ கம்பியில் வரும் மின்சாரத்தைப் பற்றியோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சாட்சி ஏன் வரவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அக்கா வீட்டு இயந்திரம் ரீசெட்டுக்குக் கட்டுப்பட்டது. முனகியது, ஆனால் தண்ணீர் போகவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு (இந்த வேலையில் இதற்கு விலக்கே கிடையாது, ஈரமும் 230 வோல்ட்டும் சேருமிடம் இது) கீழ்க் கூடையை வெளியே எடுத்தேன். இயந்திரத்தின் உள்தரையில் வட்டமான வடிகட்டி ஒன்று இருக்கும். இடப்பக்கம் திருகினால் கையோடு வரும். வந்தது. உள்ளே கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய்த் துருவல், இவை எல்லாவற்றையும் ஒட்டிவைத்த வெள்ளைக் கொழுப்பு.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையும். தாளித்த சூட்டில் தெளிவாக ஓடுவது, மார்கழி விடியலில் வடிகால் குழாயில் மெழுகாகிவிடும். கடுகு சின்னதுதான், ஆனால் உருண்டை. வடிகட்டியைச் சரியாகத் திருகிப் பூட்டாவிட்டால் அதன் ஓரமாக நழுவி, தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் இறக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்ப் முனகும், சுற்றாது. வடிகட்டிக் குழியின் பக்கவாட்டில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்து, அந்த மூடியைக் கழற்றி, இறக்கையை விரலால் சுற்றிப் பார்க்கலாம். உடைந்த கண்ணாடித் துண்டு இருக்கக்கூடும் என்பதால் நேரே விரலை விடாமல் முதலில் கரண்டிக் காம்பால் துழாவ வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு கடுகும் ஒரு மிளகாய்க் காம்பும். தண்ணீர் போயிற்று.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து ஓடவிட்டோம். ஐந்து நிமிடத்தில் மறுபடி விளக்கு சிமிட்டியது. இம்முறை குறியீடு வேறு: தண்ணீர் வரவில்லை.

அக்கா வீடு ஒற்றைத் தளம். மொட்டை மாடியிலேயே தொட்டி. தரையிலிருந்து தொட்டியின் அடி சுமார் மூன்றரை மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். அப்படியானால் இந்தத் தொட்டி அதிகபட்சம் 0.4 பார் தரும். வளைவுகளிலும் உப்புப் படிந்து ஒடுங்கிய குழாய்களிலும் இழப்பது போக 0.3 மிஞ்சினால் பெரிது. இயந்திரங்களின் கையேடுகளில் குறைந்தபட்ச அழுத்தம் சிலவற்றில் 0.3 என்றும் பலவற்றில் 0.5 பார் என்றும் போட்டிருக்கும். தெருக் குழாயே பல பார் அழுத்தத்தோடு வீட்டுக்குள் வரும் ஊர்களை மனத்தில் வைத்து வரைந்த இயந்திரம், மொட்டை மாடித் தொட்டியின் அடியில் வந்து நிற்கிறது. அரை பார் வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீர் ஐந்து மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு போட்டு உயர்த்துவது ஒரு வழி. சிறிய அழுத்த பம்ப் வைப்பது இன்னொரு வழி.

சோதித்துப் பார்ப்பது சுலபம். டிஷ்வாஷருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பக்கெட்டில் பிடித்து, கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வந்தால் கவலையில்லை. எங்களுக்கு நாலு லிட்டர்கூட வரவில்லை. ஆனால் முதல் மூன்று மாதம் இதே தொட்டி, இதே குழாயில்தான் இயந்திரம் ஓடியிருக்கிறது. இடையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். அந்தக் குழாயின் திருகுக்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும். அதை மூக்கு நீண்ட குறடால் இழுத்தேன். வலைக் கண்கள் முக்கால்வாசி அடைபட்டிருந்தன. மணல் கொஞ்சம், மீதி வெள்ளையாகச் செதில் செதிலாக ஏதோ ஒன்று. ஒரு செதிலின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நுரைத்தது.

கார்பனேட். சுண்ணாம்பு.

தம்ளரின் வெள்ளைப் படலமும் இதுதான். முதல் பார்வையிலேயே அது என்னிடம் சொன்னதை நான் கேட்கவில்லை.

"அக்கா, உங்க போர் தண்ணியில பருப்பு வேகுங்களா?" என்று கேட்டேன்.

"எங்க வேகுது? பத்து விசில் விட்டாலும் தனித்தனியாத்தான் நிக்கும். பருப்புக்குன்னு ஆத்துத் தண்ணி ஒரு குடம் தனியாப் பிடிச்சு வெச்சுக்குவேன்" என்றார்.

ஆய்வகம் தேவைப்படாத ஆய்வு அது. துவரம் பருப்பின் செல்கள் பெக்டின் என்ற பசையால் ஒட்டியிருக்கின்றன. வேகும்போது இந்தப் பசை இளகிக் கரைந்தால்தான் பருப்பு மசியும். தண்ணீரில் கால்சியம் அதிகமிருந்தால், இரட்டை மின்சுமை கொண்ட அந்த அயனி பக்கத்துப் பக்கத்துப் பெக்டின் இழைகளைக் கொக்கி போட்டு இழுத்துக் கட்டிவிடும். பசை இறுகும். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காததும் இதே கால்சியத்தின், மக்னீசியத்தின் வேலை. சோப்பைப் பிடித்துக்கொண்டு கரையாத அழுக்குத் திரையாக்கிவிடும். பாடநூல் இதைக் கடின நீர் என்கிறது. இங்கே உப்புத் தண்ணி என்கிறார்கள். அந்தப் பெயர் பின்னால் எங்களை ஒரு சிக்கலில் கொண்டுபோய் விட்டது. அதற்கு வருகிறேன்.

கேரளம் என்றால் கொட்டும் மழையும் செம்மண்ணும் நினைவுக்கு வரும். அக்கா வீடு இருக்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி அப்படியில்லை. பெருமாட்டி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி ஆகியவை பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், மேற்குக் கடற்கரை மழை மெலிந்துபோய் வந்துசேரும் இடத்தில் இருக்கின்றன. பேச்சிலும் பயிரிலும் பாதி பொள்ளாச்சி. கேரளத்தில் கரிசல் மண் உள்ள அபூர்வமான இடம் சித்தூர் வட்டம். கரிசலில் சுண்ணாம்பு உண்டு. மழை குறைவு என்பதால் அது கழுவிக்கொண்டு போகாமல் மண்ணிலேயே தங்குகிறது. இதே பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், வாளையாற்றில், மலபார் சிமெண்ட்ஸ் ஆலை அமைந்ததும் பக்கத்து மலையில் சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தான். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகக் கிணற்றுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆழம் கூடக்கூட, தண்ணீர் பாறையோடு உறவாடிய காலமும் கூடும். உப்பும் கூடும்.

பெருமாட்டி என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்ததும் இந்தத் தண்ணீரால்தான். பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு கோகோ கோலா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. சிறிது காலத்திலேயே சுற்றியிருந்த ஆதிவாசிக் குடியிருப்புகளின் மக்கள் கிணற்று நீர் கெட்டுவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்னவற்றில் ஒன்று, அந்தத் தண்ணீரில் சோறும் பருப்பும் சரியாக வேகவில்லை என்பது. நிறுவனம் தன்மேல் சொல்லப்பட்ட குற்றத்தை மறுத்தது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார். 2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அதை அளவுக்கு மீறி எடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு நாளுக்கு 5 லட்சம் லிட்டர்வரை எடுக்கலாம் என்றது. ஆனாலும் ஆலை மறுபடி ஓடவில்லை. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011-இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

இந்த மண்ணில் தண்ணீர் கெட்டதை முதலில் கண்டுபிடித்தது அடுப்பில் உலை வைத்தவர்கள். பருப்பு வேகவில்லை என்று ஒரு பெண் சொல்வது, கால்சியம் அயனியின் செறிவைப் பற்றிய கூற்று. அதை அறிவியலாகக் காதில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். டிஷ்வாஷர் பொருத்த வந்தவர் அக்காவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், நாலாம் மாதம் நான் போயிருக்க வேண்டியதில்லை.

கால்சியம் பைகார்பனேட்டுக்கு ஒரு குணம் உண்டு. சர்க்கரையைப்போலச் சூடாக்கினால் அதிகம் கரைவதில்லை. எதிர்மாறாக, சூடேறும்போது கரியமில வாயு பறந்துவிட, கரையாத கார்பனேட்டாக வெளியே வந்துவிடுகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளை வட்டம் விழுவது அதனால்தான். டிஷ்வாஷரில் சூடு அதிகமான இடம் ஹீட்டர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அந்த 600-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரு தடவை கழுவ 10 லிட்டர் என்றால் அதில் 6 கிராம் சுண்ணாம்பு. ஆண்டுக்கு 300 தடவை கழுவினால் 1,800 கிராம். இதில் பெரும்பங்கு கரைந்த நிலையிலேயே வெளியே போய்விடும் என்றாலும், இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ சுண்ணாம்பு நுழைகிறது. நீர்தெளிக்கும் கைகளின் துளைகள் ஊசி முனையால் குத்திவிட வேண்டிய அளவுக்கு அடைபடுவதில் வியப்பில்லை.

ஹீட்டரின் மேல் படியும் சுண்ணாம்பு போர்வைபோல. எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் ஒரு சிறு பங்குதான் அது கடத்தும். உள்ளே கம்பி கொதிக்கும், வெளியே தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். இதோடு மின்னழுத்தமும் குறைந்தால் சாட்சி வருவதற்கு இன்னும் தாமதம். 1,800 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் நாலு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் ஆறு நிமிடம் ஆகும், பாத்திரங்கள் குடிக்கும் சூடு தனி. ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. தோப்பு மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் வீட்டுக்கு வருவது 180 வோல்ட் என்றால், 1,800 வாட் 1,100-க்கு இறங்கிவிடும். ஆறு நிமிட வேலை ஒன்பதரை நிமிடம் ஆகும். கணிப்பொறி எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டுமென்று எழுதியவர், மேட்டுப்பாங்கான தோப்பின் கடைசி மின்கம்பத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சூடாகவில்லை என்ற குறியீடு மாலையில் மட்டும் வந்து நள்ளிரவில் வராமல் இருந்தால், பழுது இயந்திரத்துக்கு வெளியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு மூடிய ஹீட்டர் இன்னொரு ஆபத்தையும் வைத்திருக்கிறது. உள்சூடு ஏறி ஏறி மேலுறையில் விரிசல் விட்டால், மின்சாரம் தண்ணீரில் கசியும். மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் வீட்டின் இஎல்சிபி உடனே விழுந்துவிடும். டிஷ்வாஷரைப் போட்டால் மட்டும் அது விழுகிறதென்றால், திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்கவே கூடாது. ரீசெட் என்ற சொல்லை மறந்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் அது.

இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் கடின நீரை மறந்துவிடவில்லை. அதைச் சமாளிக்கத்தான் அடியில் ஒரு திருகு மூடி. அக்காவிடம் அதைக் காட்டினேன்.

"இதுல உப்புப் போடச் சொல்லி விளக்கு எரிஞ்சிருக்குமேக்கா?"

"மொத நாள்ல இருந்து எரியுது. ஏற்கெனவே உப்புத் தண்ணி. அதுல யாராச்சும் உப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவாங்களா? பாத்திரம் எல்லாம் கரிக்காது?"

நியாயமான கேள்வி. தமிழில் கடுக்கும் தண்ணீருக்கும் கரிக்கும் தண்ணீருக்கும் உப்பு என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டோம். விடையைத் தேடினால் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளின் இங்கிலாந்து வயல்களுக்குப் போக வேண்டும். தாம்சன் என்ற யார்க்‌ஷயர் நிலக்கிழாரும், வே என்ற வேளாண் வேதியியலாளரும் ஒரு புதிருக்குப் பின்னால் போனார்கள். எருவிலுள்ள அம்மோனியா மழையில் அடித்துக்கொண்டு போகாமல் மண்ணில் எப்படித் தங்குகிறது? மண் நிரப்பிய குழாயில் அம்மோனியா உப்புக் கரைசலை ஊற்றினார்கள். அம்மோனியா உள்ளேயே நின்றுவிட்டது, கீழே சொட்டிய நீரில் கால்சியம் வந்தது. களிமண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாக இன்னொன்றை விட்டுக்கொடுத்திருந்தது. அயனிப் பரிமாற்றம் என்ற அறிவு அங்கே தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் செயற்கைக் கனிமத்தைக் கொண்டு இதே பண்டமாற்றில் கடின நீரை மென்மையாக்கினார். 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் அதைச் செய்யும் பிசின்களை உருவாக்கிக் காட்டினார்கள்.

அந்தப் பிசினின் வழித்தோன்றல்தான், சோளப்பொரி நிற மணிகளாக, டிஷ்வாஷரின் வயிற்றில் இருக்கிறது. ஒவ்வொரு மணியிலும் சோடியம் ஒட்டியிருக்கும். கடின நீர் வழியில் வரும்போது மணி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம் வீதம் விட்டுக்கொடுக்கும். சோடியம் ஹீட்டரில் படியாது. சில கழுவல்களில் மணிகள் எல்லாம் கால்சியத்தால் நிரம்பிவிடும். அப்போது இயந்திரம் உப்பறையிலிருந்து கெட்டியான உப்புக் கரைசலை அவற்றின் மேல் பாய்ச்சும். சோடியத்தின் கூட்டம் அதிகமாகும்போது பண்டமாற்று தலைகீழாகி, கால்சியம் கழன்று சாக்கடைக்குப் போகும். மணிகள் புதிதாகும். உப்பு பாத்திரத்தின் மேல் படுவதே இல்லை. மணிகளைக் கழுவுவதோடு அதன் வேலை முடிந்தது. இதுதான் இயந்திரத்துக்கு உண்மையில் தேவைப்பட்ட ரீசெட், அது நாலு மாதமாக ஒருமுறைகூட நடக்கவில்லை.

எவ்வளவு உப்பு என்பதும் கணக்குதான். 6 கிராம் சுண்ணாம்புக்கு ஈடுகொடுக்க ஏட்டளவில் 7 கிராம் சோடியம் குளோரைடு வேண்டும். நடைமுறையில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் ஆகும். நம் தண்ணீருக்கு ஒரு கிலோ உப்பு ஐரோப்பிய வீட்டில் ஓடும் காலத்தில் சிறு பகுதிதான் ஓடும். கையேட்டில் போட்டிருக்கும் மாதக்கணக்கை நம்பி இருக்கக் கூடாது. கடினத்தன்மையின் அளவை இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. ஆலையிலிருந்து வரும்போது அது ஏதோ ஒரு நடுநிலை எண்ணில் இருக்கும். கடினத்தன்மையை நிறத்தில் காட்டும் சோதனைப் பட்டை எங்கள் தண்ணீரில் கடைசி நிறத்துக்கே போய்விட்டதால் அமைப்பை உச்சத்தில் வைத்தோம். பட்டை இல்லாதவர்கள் கேரள வாட்டர் அத்தாரிட்டியின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். பல இயந்திரங்களின் மென்மையாக்கி 50 ஜெர்மன் பாகை, அதாவது லிட்டருக்குச் சுமார் 890 மில்லிகிராம்வரைதான் தாங்கும். அதற்கும் மேலே போகும் போர் தண்ணீருக்கு வெளியிலேயே தனி மென்மையாக்கி வைப்பதைத் தவிர வழியில்லை.

சமையல் உப்பைப் போடலாமா என்று அக்கா கேட்டார். பொடி உப்பு கட்டிதட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் அதன் மெல்லிய துகளும் வழியை அடைத்துவிடும். கல்லுப்பில் கால்சியமும் மக்னீசியமும் மண்ணும் கலந்திருக்கும். அதைக் கொண்டு கால்சியத்தை விரட்ட முடியாது. இதற்கென்று விற்கும் பரல் உப்புதான் வேண்டும். முதல் தடவை மட்டும் அறையைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு உப்பைப் போட வேண்டும். போட்டு மூடிய கையோடு ஒரு தடவை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளியே சிந்திய உப்பு எஃகை அரிக்கும்.

ஏற்கெனவே படிந்ததைக் கரைக்க அமிலம் தேவை. புளி போதுமே என்றார் அக்கா. பித்தளைக் குடத்துக்கு அது போதும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பாகும், சக்கையும் வடிகட்டியை அடைக்கும். சிட்ரிக் அமிலப் பொடி, பேச்சுவழக்கில் எலுமிச்சை உப்பு, சுமார் நூறு கிராமை அடியில் தூவி, பாத்திரமில்லாமல் நடுத்தரச் சூட்டில் ஓட்டினோம். கொதிசூடு கூடாது. கால்சியம் சிட்ரேட்டும் சூட்டில் கரைதிறன் குறைகிற வகை. பிளீச்சிங் பொருள் எதையும் அதனோடு சேர்த்துவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கடின நீரால் அவதிப்பட்டது நாம் மட்டுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரேன், தண்ணீரைப் பீய்ச்சிப் பாத்திரம் கழுவும் தன் இயந்திரத்துக்கு 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பெயர் வாங்கியது. ஓட்டல்கள் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை. அத்தனை வெந்நீர் வீடுகளில் இல்லை என்பது ஒரு காரணம். பல ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்பது இன்னொன்று. அவருடைய கம்பிக் கூடைகளும் நீர்ப்பீய்ச்சலும் இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. காலப்போக்கில் மாறியது தண்ணீரைப் பற்றிய வேதியியல்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு மிச்சம். கையால் தேய்க்கும் ஜெல்லை இயந்திரத்தில் ஊற்றினால் நுரை பொங்கி, பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். நுரை வழிந்து அடித்தட்டில் இறங்கினால் அங்குள்ள மிதவை உயர்ந்து, கசிவு என்று எண்ணி இயந்திரம் இடைவிடாமல் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றி, அடித்தட்டை உலரவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். உண்மையான கசிவென்றால் மறுபடி வரும். அலுமினியக் குண்டா கறுத்துப்போவது பழுதே இல்லை. டிஷ்வாஷர் சோப்பின் காரம் அலுமினியத்தை அரிப்பது அது, அவற்றைக் கையால்தான் கழுவ வேண்டும்.

வலையைக் கழுவிப் பொருத்தி, உப்புப் போட்டு, மத்தியானம் இயந்திரத்தை ஓடவிட்டோம். தண்ணீர் வந்தது, சூடேறியது, போயிற்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்கா என் முகத்தைப் பார்த்தார். முடிந்து கதவைத் திறந்து ஆவி போனபின், ஒரு தம்ளரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய படலத்தில் பாதி போயிருந்தது. மீதி இன்னும் இரண்டு மூன்று கழுவலில் போகும் என்றேன். உப்பு விளக்கு அணைந்திருந்ததை அவரே கண்டுபிடித்துக் காட்டினார்.

கால்வாயில் தண்ணீர் விடும் மாதங்களில் கிணறு ஊறி, போர் தண்ணீரும் கொஞ்சம் இளகும் என்பது அக்காவின் பல வருஷக் கணிப்பு. ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப் புழைக்கு எப்போது வருகிறது என்பதை, பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைவிட அவர் தன் குக்கரைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்த மாதங்களில் இயந்திரத்தின் அமைப்பை ஒரு படி குறைத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். காலண்டரின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

நான் கிளம்பும்போது இரவுச் சமையலுக்குப் பருப்பு கழுவிக்கொண்டிருந்தார். கழுவியது போர் தண்ணீரில். வேகவைக்க, மூலையில் மூடி வைத்திருந்த குடத்திலிருந்து ஆற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினார்.